இரண்டு வெள்ளிப் பதக்கமும் இலக்கம் 67 உம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

ஒலிம்பிக் வந்து போகும் ஒவ்வொரு முறையும் நமதூர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே பகிடிதான் சுற்றும். 2024 இல் பாரிஸுக்கு இலங்கையிலிருந்து ஆறு பேர் போனார்கள். பதக்கம் இல்லை. "ஆறு பேரும் ஈபிள் கோபுரம் பார்க்கப் போனவங்களா?" என்ற படம் ஒன்று நமது கைபேசிகளுக்கெல்லாம் வந்து சேர்ந்தது. பாடசாலையில் பிள்ளைகளும் அதையே சொல்லிச் சிரித்தார்கள். பிள்ளைகள் சிரிக்கட்டும், பரவாயில்லை. ஆனால் இந்த நாட்டவர் உலகப் போட்டிகளுக்குப் போன கதை எமது பிள்ளைகளுக்குத் தெரியாமலே போகிறது என்பதுதான் எங்களுக்கு உறுத்தல். கிரிக்கெட்டில் 1996 இல் யார் எத்தனை ஓட்டம் எடுத்தார் என்று கேட்டால் ஒப்புவிப்பார்கள். டங்கன் வைட் யார் என்று கேட்டால் வெள்ளைக்காரரா சேர் என்று கேட்கிறார்கள்.

கணக்கை முதலில் சொல்லி விடுவோம். ஒலிம்பிக்கில் இலங்கைக்கு இதுவரை கிடைத்தவை இரண்டே பதக்கங்கள். இரண்டும் வெள்ளி. ஒன்று 1948 இல், மற்றது 2000 இல். நடுவில் 52 வருடங்கள்.

1948 பெப்ரவரி 4 இல் நமக்குச் சுதந்திரம். அதே வருடம் ஜூலை மாதக் கடைசியில் இலண்டன் ஒலிம்பிக். 1936 பேர்ளினுக்குப் பிறகு உலக யுத்தத்தால் 12 வருடங்கள் ஒலிம்பிக் நடக்கவே இல்லை. இலண்டனிலும் உணவுப் பங்கீடு இன்னும் முடியவில்லை. வந்த வீரர்களைப் படை முகாம்களிலும் கல்லூரிகளிலும் தங்க வைத்தார்கள். அப்படியான ஒரு வேளையில், நாடாகி ஆறு மாதம்கூட நிறையாத சிலோன், தனது முதல் ஒலிம்பிக் குழுவை அனுப்பியது. கையளவு பேர், பெரும்பாலும் ஓட்டக்காரரும் குத்துச்சண்டை வீரரும்.

ஜூலை 31 இல் வெம்ப்ளி மைதானத்தில் 400 மீற்றர் தடைதாண்டல் இறுதிப் போட்டி. ஒரு சுற்று முழுக்க ஓட வேண்டும், பத்துத் தடைகளைத் தாண்ட வேண்டும். அமெரிக்காவின் ரோய் கொக்ரன் 51.1 செக்கனில் முதலாவதாக வந்தார். 51.8 செக்கனில் இரண்டாவதாக வந்தவர் களுத்துறைப் பகுதியில் பிறந்து கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்த டங்கன் வைட். மூன்றாவது இடம் சுவீடனுக்கு. தங்கத்துக்கும் நமக்கும் இடையில் ஒரு செக்கன்கூட இல்லை, முக்கால் செக்கனிலும் குறைவு.

இங்கே கொடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்று நமது தேசியக் கொடியில் இருக்கும் பச்சைக் கோடும் செம்மஞ்சள் கோடும் 1951 இல்தான் சேர்க்கப்பட்டன. டங்கன் வைட் மேடையில் நின்ற நாளில் அந்தக் கோடுகள் இல்லை. முஸ்லிம்களுக்கும் தமிழர்களுக்கும் கொடியில் இடம் எங்கே என்று இங்கே பேசிக்கொண்டிருந்த காலம் அது. பச்சைக் கோடு என்ன பொருள் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். அது எப்போது வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டால்தான் யோசிப்பார்கள்.

இதற்குப் பத்து வருடம் முன்பே, 1938 இல் சிட்னியில் நடந்த பிரித்தானியப் பேரரசு விளையாட்டுப் போட்டியில், பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்த பார்னி ஹென்றிகஸ் குத்துச்சண்டையில் தங்கம் வென்றிருந்தார். இன்றைய பொதுநலவாயப் போட்டியின் பழைய பெயர்தான் அது. 1950 இல் ஒக்லாந்தில் டங்கன் வைட்டும் அதே போட்டியில் தங்கம் வென்றார். பிறகு அவர் என்ன செய்தார் என்பதுதான் எங்களைப் போன்றவர்களுக்குச் சுவையான செய்தி. உடற்கல்வி படித்து ஆசிரியரானார். நைஜீரியாவில் கற்பித்தார், இங்கிலாந்தில் கற்பித்தார், 1998 இல் காலமானார்.

அடுத்தவர் யாழ்ப்பாணத்தவர், நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். யாழ் மத்திய கல்லூரி மாணவர். 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்கு உயரம் பாயப் போனபோது அவருக்கு 18 வயது நிறையவில்லை. இன்றைய கணக்கில் உயர்தர வகுப்பில் இருக்கும் பிள்ளை. 1956 இல் மெல்பேர்னுக்கும் போனார். ஒலிம்பிக்கில் பதக்கம் கிடைக்கவில்லை. 1958 இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்த நாடு வென்ற முதல் தங்கம் அதுதான்.

2.03 மீற்றர் என்றால் எவ்வளவு என்று பிள்ளைகளுக்கு விளங்காது. ஆறடி எட்டு அங்குலம். உங்கள் வீட்டுக் கதவு நிலையின் உயரம் அநேகமாக அவ்வளவுதான் இருக்கும். வகுப்பில் சுவரில் சோக்கால் கோடு போட்டுக் காட்டினோம். சத்தம் போட்டுக்கொண்டிருந்த வகுப்பு அமைதியாகிவிட்டது. பிறகு, வழக்கம்போல, நாலைந்து பேர் எட்டிப் பாய்ந்து கையால் அந்தக் கோட்டைத் தொடப் பார்த்தார்கள்.

ஆனால் அந்தத் தங்கத்தின் திகதியைப் பாருங்கள். அந்தப் போட்டிகள் 1958 மே 24 முதல் ஜூன் 1 வரை நடந்தன. அதே நாட்களில்தான் இங்கே 58 கலவரம். ரயில்கள் தாக்கப்பட்டன, தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன, ஆயிரக்கணக்கானோர் அகதிகளாகி வடக்குக்கு அனுப்பப்பட்டார்கள். மே 27 இல் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. நாட்டில் தமிழ் பேசியதற்காக ஆட்கள் அடிபட்ட வாரத்தில், டோக்கியோவில் தமிழ் பேசும் ஓர் இளைஞன் சிலோன் என்று நெஞ்சில் எழுதிக்கொண்டு பாய்ந்து, இந்த நாட்டுக்கு ஆசியாவின் முதல் தங்கத்தை வாங்கிக் கொடுத்தான். எமது வரலாற்றுப் பாடத்தில் 1958 வரும்போது முதல் செய்தி வரும், அதுவும் சுருக்கமாக வரும். இரண்டாவது செய்தி வராது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் அந்த வருடம் விளங்கும் என்பது எங்கள் எண்ணம்.

எதிர்வீரசிங்கமும் ஆசிரியர்தான். அமெரிக்காவில் பட்டம் பெற்று, கலாநிதியாகி, மேற்கு ஆபிரிக்காவில் பல வருடங்கள் கற்பித்தார். 1962 இல் ஜகார்த்தாவில் இன்னுமொரு வெள்ளி. 2024 இல், நாமெல்லாம் பாரிஸ் பகிடியைப் பகிர்வதற்குச் சில மாதங்கள் முன்பு, காலமானார்.

"நம்ம ஆக்கள் ஒருத்தரும் இல்லையா?" என்று சிலர் கேட்பீர்கள். கேட்க உரிமை உண்டு. 1973 இல் பம்பாயில் உலக பில்லியர்ட்ஸ் சம்பியனான மர்ஹூம் எம். ஜே. எம். லாபிர் நம்மவர். எந்த விளையாட்டிலும் இலங்கைக்குக் கிடைத்த முதல் உலகச் சம்பியன் அவரே. ஆனால் பில்லியர்ட்ஸ் ஒலிம்பிக்கில் இல்லை. ஆசிய விளையாட்டுப் போட்டியில் அது சேர்க்கப்பட்டது 1998 இல், அவர் மௌத்தாகிப் பல வருடங்களுக்குப் பிறகு. அதனால் பதக்கப் பட்டியல் எதிலும் அவர் பெயர் இருக்காது.

இனி இந்தப் பதிவை எழுத வைத்த மனிதருக்கு வருவோம்.

1964 ஒக்டோபர் 14, டோக்கியோ ஒலிம்பிக், 10,000 மீற்றர். 400 மீற்றர் தடத்தில் 25 சுற்று. இந்த ஓட்டத்தின் முன்வரிசையே ஒரு தனிக் கதை. கடைசிச் சுற்றில் மூன்று பேர் முட்டி மோதி ஓடினார்கள். அவுஸ்திரேலியாவின் ரோன் கிளார்க் உலக சாதனையாளர், எல்லோரும் அவர்தான் வெல்வார் என்றிருந்தார்கள். மற்றவர் துனீசியாவின் முஹம்மத் கம்மூதி. துனீசியா சுதந்திரமடைந்து எட்டு வருடம்தான். மூன்றாமவர் பில்லி மில்ஸ், அமெரிக்கப் பூர்வகுடியான லக்கோட்டா இனத்தவர், சிறுவயதிலேயே அநாதையானவர், யாருடைய கணக்கிலும் இல்லாதவர். மில்ஸ் 28 நிமிடம் 24.4 செக்கனில் தங்கம். கம்மூதி 28:24.8 இல் வெள்ளி. கிளார்க்குக்கு வெண்கலம்.

அரங்கம் முழுக்க எழுந்து நின்று ஆரவாரம். அந்த ஆரவாரத்தின் ஊடே ஒருவர் ஓடிக்கொண்டே இருந்தார். நெஞ்சில் இலக்கம் 67. ரணதுங்க கருணானந்த, சிலோன், இராணுவ வீரர். டோக்கியோவில் வந்திறங்கிய பின் சுகவீனமுற்றிருந்தார். மில்ஸ் முடித்தபோது இவருக்கு இன்னும் நான்கு சுற்று அளவில் இருந்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராக முடித்து, புற்றரையில் விழுந்து, தண்ணீர் குடித்து, கைகொடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் கோட்டைத் தாண்டினார். முடித்துவிட்டார் என்று சனம் நினைத்தது. நிற்கவில்லை. இன்னுமொரு சுற்றுக்குத் திரும்பினார்.

முதலில் சிரித்தார்கள், கேலியாகக் கூச்சல் போட்டார்கள். அடுத்த தடவை அவர் அந்தப் பக்கம் வந்தபோது சிரிப்பு குறைந்திருந்தது. தடத்தில் ஒரே ஒருவர். கடைசிச் சுற்றில் அவர் வேகத்தைக் கூட்டினார் என்கிறார்கள் பார்த்தவர்கள். அதற்குள் எழுபதாயிரம் பேர் கொள்ளும் அந்த அரங்கமே கைதட்டத் தொடங்கிவிட்டது. தங்கம் வென்றவருக்குக் கிடைத்ததற்குக் குறையாத கைதட்டல்.

அவருடைய நேரம் 34 நிமிடம் 21.2 செக்கன். மில்ஸுக்குப் பின் ஏறத்தாழ ஆறு நிமிடம். கடைசி இடம்.

ஏன் நிறுத்தவில்லை என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது, தன்னை நாடு அனுப்பியது ஓடி முடிப்பதற்கு என்ற கருத்தில் பதில் சொன்னார். அந்த ஓட்டத்தில் சோர்ந்துபோய் இடையில் விலகிய பெரிய பெரிய ஓட்டக்காரர்களும் உண்டு, அதில் குற்றம் ஒன்றுமில்லை. இவரும் விலகியிருந்தால் ஒருவரும் கவனித்திருக்கமாட்டார்கள். இரண்டு நாள் கழித்து அதே மனிதர் 5,000 மீற்றரும் ஓடினார் என்பதை இங்கே அநேகர் சொல்வதில்லை.

ஜப்பானியர் இவரை மறக்கவில்லை. சில வருடங்களில், ஆரம்பப் பாடசாலை மொழிப் பாடப் புத்தகத்தில் "இலக்கம் 67" என்ற தலைப்பில் ஒரு பாடமாக இந்த ஓட்டத்தைச் சேர்த்தார்கள். ஜப்பானின் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் நமது நாட்டின் பெயரை இந்தக் கடைசி இடத்தின் மூலம்தான் அறிந்துகொண்டார்கள். தேயிலையால் அல்ல. இங்கே எங்கள் பாடப் புத்தகங்களில் அவரைக் காண நாங்கள் இன்னும் காத்திருக்கிறோம். கருணானந்த 1975 இல் காலமானார். நாற்பது வயதைக் காணவில்லை.

அதன் பிறகு வந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 1970 பாங்கொக்கில் லூசியன் ரோசா 5,000 மீற்றர் தங்கம். 1974 தெஹ்ரானில் விமலதாச 400 மீற்றர் தங்கம், 4x400 அஞ்சலிலும் தங்கம். பிறகு நீண்ட வரட்சி. 1998 பாங்கொக்கில் சுகத் திலகரத்னவும் தமயந்தி தர்ஷாவும் சேர்ந்து மூன்று தங்கம். யுத்தம் உச்சத்தில் இருந்த காலம். அந்தச் செய்தியெல்லாம் பலருக்கு மனதில் தங்கவே இல்லை.

சுசந்திகா ஜயசிங்க தங்கினார். கேகாலை மாவட்டத்தில் ஒரு வறிய கிராமத்துக் குடும்பம். 2000 செப்டெம்பரில் சிட்னியில் 200 மீற்றர் இறுதிப் போட்டியில் 22.28 செக்கன், மூன்றாமிடம். இரண்டாம் இடத்துக்கு வந்த பஹாமாஸ் வீராங்கனை 22.27. ஒரு செக்கனை நூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. முதலிடம் அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ். ஏழு வருடம் கழித்து, 2007 இல், ஊக்கமருந்து பாவித்ததை ஜோன்ஸ் ஒப்புக்கொண்டார், பதக்கங்கள் பறிக்கப்பட்டன. 2009 டிசம்பரில் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாக உயர்த்தப்பட்டது. ஒன்பது வருடம் தாமதித்து வந்த வெள்ளி. அந்த இரவில், அந்த மேடையில், அந்த இடத்தில் நிற்கக் கிடைக்காத கைதட்டலை யாரும் தபாலில் அனுப்ப முடியாது.

கருணானந்த, சுசந்திகா, 2021 இல் டோக்கியோ பராலிம்பிக்கில் ஈட்டியை 67.79 மீற்றர் எறிந்து உலக சாதனையோடு தங்கம் வென்ற தினேஷ் பிரியந்த ஹேரத், இவர்கள் மூவருக்கும் பொதுவான ஒன்று இராணுவம். இது தற்செயல் அல்ல. ஓட்டக்காரர் ஒருவருக்குத் தினமும் சாப்பாடு வேண்டும், சப்பாத்து வேண்டும், மாதச் சம்பளம் வேண்டும், காலையும் மாலையும் பயிற்சிக்கு விடுவிக்கும் ஒரு தொழில் வேண்டும். நமது நாட்டில் அதைக் கொடுத்தவை பெரும்பாலும் படைகள்தான். நமது சமூகத்துப் பிள்ளைகள் அந்த வழியில் போவது குறைவு. காரணங்களை இங்கே விரித்தால் பின்னூட்டத்தில் வேறு சண்டை தொடங்கிவிடும். போவது குறைவு என்றால் நமது பிள்ளைக்கு மிஞ்சுவது பாடசாலை மட்டும்தான்.

பாடசாலையால் முடியுமா என்றால், முடியும். 2023 இல் ஹாங்சோவில் 800 மீற்றர் ஓட்டத்தில் 2 நிமிடம் 3.20 செக்கனில் தங்கம் வென்ற தருஷி கருணாரத்ன, கண்டி மாவட்டத்து வலல ரத்நாயக்க மத்திய கல்லூரியில் வளர்ந்தவர். 2002 க்குப் பிறகு ஆசியப் போட்டியில் மெய்வல்லுநர் தங்கம் கொண்டு வந்தது ஒரு கிராமத்துப் பாடசாலையின் பிள்ளை. கொழும்பின் பெரிய பெயர்ப்பலகை எதுவும் இல்லை.

நமது பக்கம் நிலைமை என்ன? உடற்கல்விப் பாடவேளை ஒன்பதாம் வகுப்பு வரை நேரசூசியில் இருக்கிறது. பத்தாம் வகுப்பு வந்ததும் அது மெதுவாகக் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் கடன் போகிறது, திரும்பி வருவதில்லை. பின்னேரம் ரியூஷன். மழைக்காலத்தில் மைதானம் குளம். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஸபா, மர்வா, ஹிறா என்று இல்லம் பிரித்து, கூடாரம் சோடிக்கும் செலவில் பாதிகூட ஓடும் பிள்ளையின் காலுக்குப் போவதில்லை. கோட்ட மட்டத்தில் வென்ற பிள்ளையை வலய மட்டத்துக்குக் கூட்டிப் போக வேன் வாடகைக்கு ஆசிரியர்கள் ஆளுக்கு ஆள் காசு சேர்த்த கதை ஊரில் பல பாடசாலைகளில் உண்டு.

பெண்பிள்ளைகள் என்றவுடன் உடைப் பேச்சு வரும். அதற்கு ஒரு தகவல் மட்டும். 2006 இல் தோஹாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பெண்கள் 200 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர் பஹ்ரைனின் ருகையா அல் கஸ்ரா. தலையை மூடி, கையும் காலும் மறைத்த உடையில் ஓடினார். அந்த ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தவர் நமது சுசந்திகா. 2012 இலண்டனில் சவூதியின் சாரா அத்தார் அதேபோல் மூடிய உடையில் 800 மீற்றர் ஓடி, மற்றவர்களுக்கு அரை நிமிடத்துக்கு மேல் பிந்திக் கடைசியாக வந்தபோதும் அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பெற்றோருக்கு மனம் ஒப்பும் உடையைப் பெற்றோரே தெரிவு செய்யட்டும். ஓட்டத்தை மட்டும் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள்.

இனி, இவ்வளவு சொன்னதற்கான காரணம். அடுத்த தவணையில் எமது இல்ல விளையாட்டுப் போட்டி. 1500 மீற்றர் ஓட்டத்தில் எப்போதும் நடப்பது என்னவென்று நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். முதல் மூன்று பேர் வந்ததும் நூலைச் சுருட்டிவிடுவார்கள். நேரம் குறிப்பவர் மேசைக்குப் போய்விடுவார். ஒலிபெருக்கியில் அடுத்த நிகழ்ச்சிக்குப் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள். பின்னால் ஓடிவரும் பிள்ளை, தடத்தில் குறுக்கே போகும் ஐஸ்பழக்காரருக்கு வழிவிட்டு, பாதியில் விலகி, கூடாரத்துக்குள் போய்த் தலையைக் குனிந்து உட்கார்ந்துவிடும்.

டோக்கியோவில் எல்லோரும் போன பிறகும் ஓர் அதிகாரி கோட்டில் நின்று 34:21.2 என்று எழுதியிருக்கிறார். எழுதியபடியால்தான் அறுபது வருடம் கழித்து நமக்கு அது தெரிகிறது. ஆகவே நாங்கள் சில ஆசிரியர்கள் பேசி முடிவெடுத்திருக்கிறோம்: இம்முறை 1500 மீற்றரில் கடைசிப் பிள்ளை கோட்டைத் தாண்டும் வரை அடுத்த நிகழ்ச்சி அழைக்கப்படமாட்டாது. எல்லாப் பிள்ளைகளின் நேரமும் புத்தகத்தில் பதியப்படும். அதிபரும் சம்மதித்துவிட்டார். நேரக் கடிகாரம் இரண்டு போதாது, இன்னும் இரண்டு தேவை. வைத்திருப்பவர்கள் அன்று ஒரு நாளைக்கு இரவல் தந்தால் போதும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அஸருக்கு முன் 1500 மீற்றர் நடக்கும், அதுவரை எழும்பிப் போகாமல் இருங்கள்.

இலக்கம் 67 ஐ நெஞ்சில் குத்த வேண்டும் என்று ஏற்கெனவே நான்கு பிள்ளைகள் கேட்டுவிட்டார்கள். சீட்டுக் குலுக்கித்தான் கொடுக்க வேண்டும்.